பதினைந்து அடித் தொலைவு

கூடைப்பந்தைப் பற்றி எழுதுவதற்கு எங்கள் இருவருக்கும் எந்தத் தகுதியும் இல்லை. எங்களில் ஒருவர் கூட்டுறவு வங்கியில் கணக்கெழுதுபவர். மற்றவர் தொடக்கப் பள்ளி ஆசிரியை. சிறு வயதில் ஒருவர் ஆடியது சடுகுடு, மற்றவர் ஆடியது பாண்டியும் தாயமும். அந்த ஆரஞ்சு நிறப் பந்தை நாங்கள் முதன்முதலாகக் கையில் எடுத்ததே எங்கள் ஒரே மகளின் பொருட்டுத்தான். ஆனாலும் இரண்டு ஆண்டுகளாக விடியற்காலையில் சிமெண்டுத் தளத்தில் நின்று, வளையத்தில் பட்டுத் தெறித்து ஓடும் பந்தின் பின்னால் ஓடியவர்கள் என்ற முறையில், கண்டதையும் கற்றதையும் எழுதலாம் என்று துணிந்தோம். கற்றதில் ஒரு பகுதி பந்தைப் பற்றியதன்று. அதையும் மறைக்காமல் எழுதவே எண்ணம்.

2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், மாவட்ட அளவிலான இறுதி ஆட்டம். எங்கள் மகள் அப்போது பதினோராம் வகுப்பு. அருட்சகோதரிகள் நடத்தும் பள்ளியின் அணியில் ஆடினாள். 41க்கு 42 என்று ஒரு புள்ளி பின்தங்கியிருந்தபோது, ஆட்டம் முடிய நான்கு வினாடிகள் இருக்கையில், பந்தை வளையத்தை நோக்கி எறிந்தவளின் கையை எதிரணிப் பெண் தட்டிவிட்டாள். நடுவர் விசிலடித்து இரண்டு ஃப்ரீ த்ரோ கொடுத்தார். விளையாட்டை அறியாதவர்களுக்காகச் சொல்கிறோம்: பலகையிலிருந்து பதினைந்து அடி தொலைவில் ஒரு கோடு உண்டு. அந்தக் கோட்டின் பின் நின்று, யாரும் தடுக்காத நிலையில், பத்தடி உயரத்திலிருக்கும் வளையத்துக்குள் பந்தைப் போட வேண்டும். நடுவர் பந்தைக் கையில் கொடுத்தபின் ஐந்து வினாடி அவகாசம். விழுந்தால் ஒரு புள்ளி. ஒன்று விழுந்தால் சமன், இரண்டும் விழுந்தால் வெற்றி.

முதல் பந்து வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பியது. இரண்டாவது வளையத்தைத் தொடவேயில்லை. பலகையின் ஓரத்தில் மோதி வெளியே போயிற்று. எதிர்ப்புறத்தில் எழுந்த ஆரவாரம் இன்றும் எங்கள் காதில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் யாரும் எதுவும் பேசவில்லை.

திரும்பி வரும் பேருந்தில் எங்களில் ஒருவர் சொன்னார்: “சும்மா நின்னு போடுற பந்து. குறுக்க ஒருத்தரும் இல்ல. அதைக்கூடப் போடத் தெரியலையா?”

அதைச் சொன்னவர் யார் என்பதை இங்கே எழுதாமல் விடுகிறோம். மற்றவர் வாயிலும் அதே சொற்கள்தாம் இருந்தன. முந்திக்கொண்டவர் ஒருவர், அவ்வளவே. முன் இருக்கைகளில் அவளுடைய தோழிகள் இருந்தார்கள். அவர்களுக்கும் கேட்டிருக்கும். அவள் சன்னலைப் பார்த்தபடியே வந்தாள். வீடு சேர்ந்ததும் ஆட்டக் காலணிகளை ஒரு பையில் போட்டுக் கட்டிப் பரண்மேல் வைத்தாள். மறுநாள் முதல் பயிற்சிக்குப் போகவில்லை. உண்டாள், படித்தாள், ஞாயிறு திருப்பலிக்கு எங்களோடு வந்தாள். கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். ஆனால் அவளாக எங்களிடம் ஒரு சொல்லும் பேசவில்லை.

மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, உடற்கல்வி ஆசிரியையைப் பார்க்கப் போனோம். மகளைச் சமாதானப்படுத்தி அழைத்துக்கொள்ள வேண்டும் என்று கேட்பதே எங்கள் நோக்கம். நடந்ததையெல்லாம் பொறுமையாகக் கேட்டவர், பேருந்தில் சொன்னதையும் எங்கள் வாயாலேயே வரவழைத்துவிட்டு, ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “நீங்க ரெண்டு பேரும் அந்தக் கோட்டுல நின்னு ஒரு பந்தாவது போட்டுப் பாத்திருக்கீங்களா?”

சனிக்கிழமை மாலை வரச் சொன்னார். வீட்டிலிருக்கும் பந்தை எடுத்துக்கொண்டு வரும்படி மகளுக்கும் சொல்லி அனுப்பினார். அவளும் வந்தாள், மாதா கெபியின் படியில் போய் உட்கார்ந்துகொண்டாள். நாங்கள் ஆளுக்கு இருபது பந்து போட்டோம். நாற்பதில் ஒன்று உள்ளே விழுந்தது. பாதிக்கு மேல் வளையத்தின் உயரத்துக்கே போகவில்லை. கீழிருந்து பார்க்கும்போது பத்தடி என்பது மாடி வீட்டுச் சன்னல்போல் எங்கோ இருக்கிறது. பன்னிரண்டாவதோ பதின்மூன்றாவதோ பந்தின்போது படியிலிருந்து குரல் வந்தது: “கையில பலம் எடுக்காதீங்க. முட்டி மடங்கி எழும்பட்டும். பலம் கால்லேர்ந்து வரணும்.”

மூன்று வாரத்தில் அவளாகப் பேசிய முதல் பேச்சு அது. மறு திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு, பரணிலிருந்து அந்தப் பை இறங்கியது.

இந்த விளையாட்டை 1891ஆம் ஆண்டு டிசம்பரில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் உருவாக்கியவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். கனடா நாட்டவர், இறையியல் பயின்றவர். குளிர்காலத்தில் கூரைக்கு அடியில் ஆடத்தக்க, ஒருவரையொருவர் மோதி வீழ்த்தாத ஆட்டம் ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது. சிறு வயதில் பாறைமேல் வைத்த கல்லை எறிந்து வீழ்த்தும் ஒரு விளையாட்டில், வேகமாக எறிபவனைவிட மெதுவாக வளைத்து எறிபவனே வெல்வதைக் கண்டவர் அவர். ஆகவே இலக்கைத் தலைக்குமேல் உயர்த்திக் கிடையாக வைத்தார். உடற்பயிற்சிக் கூடத்தின் மாடத்தில் அடித்து மாட்டியது பீச்சுப் பழக் கூடைகளை. மாடம் பத்தடி உயரத்தில் இருந்தது. அந்த உயரமே இன்றுவரை நிலைத்துவிட்டது. முரட்டு வலிமை உதவக் கூடாது என்று திட்டமிட்டே அமைக்கப்பட்ட ஆட்டம் இது என்பதை அறிந்தபோது, பேருந்தில் நாங்கள் எறிந்த சொல்லின் வேகம் எங்களுக்கு நினைவு வந்தது.

முதல் ஒரு வாரம் பதினைந்து அடிக் கோட்டின் பக்கமே போகக் கூடாது என்று ஆசிரியை சொல்லிவிட்டார். வளையத்துக்கு மூன்றடி தள்ளி நின்று, ஒற்றைக் கையால் மட்டும், நாளுக்கு நூறு பந்து. இடக்கை முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். பந்து விரல்களின்மேல் அமர வேண்டும். உள்ளங்கைக்கும் பந்துக்கும் நடுவே சிறு இடைவெளி வேண்டும். முழங்கை பந்துக்கு நேர் கீழே நிற்க வேண்டும். கோழி இறக்கைபோல் வெளியே விரியக் கூடாது. மணிக்கட்டு பின்னோக்கி மடங்கும்போது புறங்கைத் தோலில் சுருக்கம் விழ வேண்டும். எறிந்தபின் கை அப்படியே உயரத்தில் நிற்க வேண்டும், ஊறுகாய் ஜாடிக்குள் விரல் விட்டதுபோல. பந்து வளையத்தில் உரசி விழுந்தால் கணக்கில் சேராது. மாவட்ட இறுதி ஆட்டம்வரை போன பெண்ணுக்கு இது அவமானமாக இருந்தது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் வேலியோரம் நின்று பார்த்தார்கள். வீட்டிலோ, இரவு படுக்குமுன் மல்லாந்து படுத்து, பந்தை நேர்மேலே எறிந்து, கையை நகர்த்தாமல் அதே கையில் வாங்க வேண்டும். கை சற்றுக் கோணினாலும் பந்து மூக்கில் விழும். எங்கள் வீட்டு மின்விசிறி இருமுறை தப்பியது.

அடுத்தது, வளையத்தின் கீழேயே நின்று, வலப்பக்கம் வலக்கையாலும் இடப்பக்கம் இடக்கையாலும், பந்து தரையைத் தொடுமுன் பிடித்து மாறி மாறிப் போடுவது. இதற்கு மைக்கன் பயிற்சி என்று பெயர். ஜார்ஜ் மைக்கன் ஆறடிப் பத்தங்குல உயரமும் தடித்த மூக்குக் கண்ணாடியுமாக இருந்த இளைஞர். குருவாக வேண்டும் என்ற எண்ணத்தில் சிகாகோவில் குருமடப் பள்ளியில் பயின்றவர். பின்னர் அதே நகரில் வின்சென்ட் தே பவுல் சபையார் நடத்தும் தே பவுல் பல்கலைக்கழகத்துக்கு வந்தபோது, கால் தட்டித் தடுமாறும் நெட்டையராகவே இருந்தார். 1942இல் அங்கே பயிற்சியாளராக வந்த ரே மேயர் அவரைக் கயிறு தாண்டவைத்தார், நடனம் பழகவைத்தார், வளையத்தின் கீழே ஓயாமல் இப்படிப் போடவைத்தார். பின்னாளில் மைக்கன் அந்தக் காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆனார். எங்கள் மகளின் இடக்கை, சோறு பிசையக்கூடப் பழகாத கை. முதல் நாள் அந்தப் பக்கம் விழுந்தவை சொல்லத் தக்கவையல்ல.

எங்களுக்கும் வேலை கிடைத்தது. ஒட்டடைக் கம்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவளுக்கும் வளையத்துக்கும் நடுவே நிற்க வேண்டும். பந்து கம்பின்மேல் ஏறித்தான் போக வேண்டும். இது எதற்கென்று முதலில் விளங்கவில்லை. வங்கிக் கணக்கர் தாளில் போட்டுப் பார்த்தபின்தான் விளங்கிற்று. வளையத்தின் குறுக்களவு 45 சென்டிமீட்டர். பெண்கள் ஆடும் பந்தின் குறுக்களவு ஏறத்தாழ 23. நேர்மேலிருந்து விழும் பந்துக்கு வளையம் முழு வட்டமாக, இரண்டு பந்து அளவுக்குச் சற்றே குறைவாகத் திறந்திருக்கும். 45 பாகைச் சாய்வில் வரும் பந்துக்கு அதே வளையம் 32 சென்டிமீட்டர் அகலமுள்ள நீள்வட்டமாகச் சுருங்கிவிடும். 30 பாகையில் தட்டையாக வந்தால் இருப்பது 22.5தான், பந்து நுழையவே இடமில்லை. இறுதி ஆட்டத்தில் முன்விளிம்பில் பட்டுத் திரும்பிய அந்தப் பந்தை நாங்கள் நினைத்துக்கொண்டோம். களைத்த கால்கள் எழும்பாமல், கை மட்டும் தள்ளிய தட்டைப் பந்து அது. திறமைக் குறைவு என்று நாங்கள் பார்த்தது நாற்பது நிமிட ஓட்டத்தின் களைப்பு.

கோட்டுக்கு வந்தபின் நாளொன்றுக்கு ஐம்பது. எண்ணும் பொறுப்பும் எங்களுடையதே. செபமாலை மணிகளில் எண்ணலாமே என்று எங்களில் ஒருவர் சொல்ல, மற்றவர் முறைத்தார். முடிவில் பிஸ்கட் டப்பா ஒன்றில் ஐம்பது புளியங்கொட்டைகளைப் போட்டுவைத்து, விழுந்த பந்துக்கு ஒரு கொட்டை வீதம் வேறொரு டப்பாவுக்கு மாற்றினோம். அன்றன்றைய எண்ணிக்கை வங்கி நாள்குறிப்பில் ஏறும். முதல் நாள் 19. ஒரு வாரம் கழித்து 23. ஆறாவது வாரம் 34. அதற்குமேல் மூன்று வாரம் அசையவேயில்லை.

அந்த நாள்களில்தான் சென்னையில் உடற்கல்வி படிக்கும் எங்கள் அண்ணன் மகன் சில தாள்களை அனுப்பிவைத்தான். கனடாவின் கால்கரிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் 1996இல் வெளியிட்ட ஆய்வு அதில் ஒன்று. ஃப்ரீ த்ரோவில் தேர்ந்தவர்களின் கண்ணசைவை அளந்தபோது, எறியத் தொடங்குமுன் அவர்களுடைய பார்வை வளையத்தில் ஓரிடத்தில் ஒரு வினாடிக்குச் சற்றுக் குறைய அசையாமல் நிற்பது தெரிந்ததாம். தேர்ச்சி குறைந்தவர்களின் பார்வை அங்கே அவ்வளவு நேரம் நிற்பதில்லை. எங்கள் மகள் மூன்று முறை பந்தைத் தட்டி, மூச்சு விட்டு, வளையத்தின் ஒரு கொக்கியைப் பார்த்து நின்று எறியப் பழகினாள். வில்ட் சேம்பர்லின் கதையும் அந்தத் தாள்களில் இருந்தது. 1962 மார்ச் 2 அன்று ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்த அந்த மாமனிதர், அன்று 32 ஃப்ரீ த்ரோவில் 28ஐப் போட்டார். இரு கைகளாலும் பந்தைத் தொடைக்குக் கீழிருந்து தூக்கி எறியும் முறையில் போட்டார். பிறகு அந்த முறையைக் கைவிட்டார், எண்ணிக்கை சரிந்தது. அது பெண்பிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது என்று வெட்கப்பட்டதே காரணம் என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். இதைப் படித்த எங்கள் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். “பொம்பளப் பிள்ள மாதிரித் தெரியுமாம்! அதுக்காகப் பந்தை வெளிய போட்டாராம்!” வீட்டில் அந்தச் சிரிப்பைக் கேட்டு வெகு நாளாயிற்று.

34ஐத் தாண்டாத நிலையைச் சொன்னபோது, ஆசிரியை பயிற்சியையே கலைத்துப் போட்டார். இனி வரிசையாக ஐம்பது கிடையாது. இரண்டே இரண்டு போட வேண்டும். தளத்தின் மறுமுனைவரை ஓடித் திரும்ப வேண்டும். பக்கவாட்டிலிருந்து மூன்று, பிறகு வளையத்தின் கீழிருந்து நான்கு, பிறகு மறுபடி கோட்டிலிருந்து இரண்டு. எண்ணிக்கை மறுநாளே 26க்கு இறங்கிவிட்டது. எங்களுக்குக் கோபம் வந்தது. நன்றாக ஏறிக்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டாரே என்று கேட்கவே போனோம். அவர் சிரித்தார். “மேட்ச்ல உங்க பிள்ளைக்கு வரிசையா அம்பது யாரும் குடுக்க மாட்டாங்க சார். ஓடி வந்து மூச்சு வாங்கும்போது ரெண்டு குடுப்பாங்க.” இதற்கும் அந்தத் தாள்களில் சான்று இருந்தது. 1978இல் கெர், பூத் என்னும் இருவர், எட்டு வயதுப் பிள்ளைகளைப் பயறு அடைத்த சிறு பைகளை இலக்கில் எறியச் செய்தார்கள். ஒரு சாரார் மூன்றடித் தொலைவிலிருந்தே பழகினார்கள். மறு சாரார் இரண்டடியிலும் நான்கடியிலும் மட்டும் பழகினார்கள். கடைசியில் மூன்றடியில் சோதித்தபோது, மூன்றடியில் ஒருமுறையேனும் பழகாதவர்களே நன்றாக எறிந்தார்கள். பல ஆண்டுகளாக வாய்ப்பாட்டை ஒரே இராகத்தில் சொல்லவைத்த எங்கள் ஆசிரியை இதைப் படித்துவிட்டு ஒரு நாள் முழுதும் யோசனையாக இருந்தார்.

இரைச்சலுக்கும் பழக வேண்டும் என்று, சனிக்கிழமைகளில் தோழிகள் வந்து கோட்டின் இருபுறமும் நின்று கூச்சலிடுவார்கள். அவர்கள் வராத நாளில் நாங்கள் எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் தட்டினோம். அப்படி ஒரு நாள் மாலை, திருவருகைக் காலத்தின் முதல் வாரம், நாங்கள் மூவர் மட்டுமே இருந்தோம். ஏழு பந்து வரிசையாகத் தவறின. எட்டாவதை எறியாமல் இடுப்பில் அணைத்துக்கொண்டு நின்றாள்.

“தட்டு வேணாம்” என்றாள். “பஸ்ஸுல சொன்னதைச் சொல்லுங்க.”

எங்களுக்குப் புரியாததுபோல் நின்றோம்.

“இந்தக் கோட்டுல நிக்கிறப்ப எனக்குக் கைதட்டுறது, கத்துறது எதுவும் கேக்கல. அதுதான் கேக்குது. சொல்லுங்க. அதுக்கு நடுவுல போட்டுப் பழகிக்கிறேன்.”

அவள் கோபமாகச் சொல்லவில்லை. ஒட்டடைக் கம்பைக் கொஞ்சம் உயர்த்திப் பிடியுங்கள் என்று சொல்லும் அதே குரலில்தான் சொன்னாள். அன்று சொன்னவர் வாயைத் திறந்தார். “சும்மா நின்னு போடுற” என்பதற்குமேல் வரவில்லை. மிச்சத்தை மற்றவர் சொல்லி முடித்தார். அவள் பந்தை மூன்று முறை தட்டினாள், மூச்சு விட்டாள், எறிந்தாள். பந்து வளையத்தின்மேல் இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது.

“மறுபடி” என்றாள்.

எங்களால் முடியவில்லை. நான்கு மாதமாகத் தொண்டையில் கிடந்த சொல் அப்போதுதான் வந்தது. “எங்களை மன்னிச்சிரும்மா” என்றோம். பெற்றவர்கள் பிள்ளையிடம் கேட்கும் வழக்கம் எங்கள் இரு குடும்பங்களிலும் இல்லை. ஒவ்வொரு திருப்பலியின் தொடக்கத்திலும் மார்பில் தட்டிச் சொல்லும் சொற்கள், நேரே ஒரு முகத்தைப் பார்த்துச் சொல்லும்போது இவ்வளவு கனக்கும் என்று நாங்கள் அறியவில்லை. அவள் எங்களைப் பார்க்கவில்லை. உருண்டு போய்க் கெபியின் வேலியில் முட்டி நின்ற பந்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் கழித்து, “சரி, பந்தை எடுங்க, இருட்டுது” என்றாள். இருவரும் ஒன்றாக ஓடினோம். நாள்குறிப்பில் அந்தத் தேதிக்கு நேரே எண் எதுவும் இல்லை.

2024 சனவரியில் கலைத்துப்போட்ட முறையிலேயே ஐம்பதுக்கு 38 வந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் என்ன விளையாட்டு என்று உறவினர் கேட்டார்கள். மதிப்பெண் குறைந்தபோது எங்களுக்கும் அந்த எண்ணம் வராமலில்லை. அவ்வாண்டு அரையிறுதியில் பதினொரு புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள். அவளுக்குக் கிடைத்தவை இரண்டே ஃப்ரீ த்ரோ, அதுவும் ஆட்டத்தின் நடுவில், யாரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாராத நேரத்தில். முதலாவது தவறியது, இரண்டாவது எதையும் தொடாமல் வலைக்குள் இறங்கியது. திரும்பும் பேருந்தில் வழியெல்லாம் தோழிகளோடு பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள். எங்களிடம் வந்து முறுக்குப் பொட்டலத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போனாள்.

இப்போது திருச்சியில் கல்லூரி விடுதியில் இருக்கிறாள். அணியில் இடம் கிடைக்கவில்லை. மாலையில் ஆடுகிறேன் என்று சொல்கிறாள். பந்தை எங்களிடமே விட்டுப் போயிருக்கிறாள். காலை நடைக்குப் போகும்போது அதையும் எடுத்துச் செல்கிறோம். பள்ளிக் காவலாளி எங்களைத் தடுப்பதில்லை. ஆளுக்குப் பத்து. ஒருவர் எறிய, மற்றவர் ஓடி எடுத்து மார்பளவில் கொடுக்க வேண்டும். முழங்கை விரிந்தால் மற்றவர் சொல்லிவிடுவார். ஞாயிறு இரவு தொலைபேசியில் எண்ணிக்கையை அவளிடம் ஒப்புவிக்க வேண்டும். கூட்டிச் சொன்னால் கண்டுபிடித்துவிடுகிறாள்.

நேற்று இருவருக்கும் சேர்த்து இருபதில் ஏழு. இன்று விடிந்ததிலிருந்து மழை.